“கைது இல்லை, சும்மா விசாரணைதான்” என்று பொலிஸ் சொன்னால்

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பிக்கு வயது 22, டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. சாமான் குறைகிறது என்று முதலாளி முறைப்பாடு கொடுத்திருக்கிறார். போன செவ்வாய் காலையில் தம்பிக்கு ஒரு போன்: “சும்மா ஒரு வாக்குமூலம், வந்துட்டுப் போங்க.” ஒன்பதரைக்குப் போனவர் அடுத்த நாள் பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் வெளியே வந்தார். சிங்களத்தில் எழுதிய மூன்று பக்கத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், போனை வாங்கி வைத்தவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை, கோட்ஸுக்குக் கொண்டுபோகவும் இல்லை. நீங்கள் போய்க் கேட்டதற்கு, “நாங்க அரெஸ்ட் பண்ணல்ல, விசாரணைதான்” என்றார்கள். தம்பிக்கு என்ன உரிமை இருந்தது, இனி ஏதும் செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

செய்யலாம். ஆனால் நாள் ஓடுகிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

நான் சட்டத்தரணி இல்லை. திருகோணமலை நீதிமன்றத்தில் தொழில் செய்த ஒரு சட்டத்தரணியிடம் 19 வருடம் கிளார்க்காக இருந்தவன். உப்புவெளி, நிலாவெளி, சீனக்குடா, கிண்ணியா, மூதூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிற ஆட்களை முதலில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, என்ன நடந்தது என்று கேட்டு எழுதியவன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்வேன்: பொலிஸ் நிலையத்தில் ஒரு ஆளைக் காப்பாற்றுவது அவர் பேசுகிற சட்டம் இல்லை, இரண்டு சாமான்தான். ஒன்று மணிக்கூடு, மற்றது கையெழுத்து. எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று சொல்லத் தெரிந்தவனும், வாசிக்காத தாளில் பேசாமல் கையெழுத்து வைக்காதவனும் பாதி தப்பின மாதிரி. மிச்சத்தைச் சட்டத்தரணி பார்த்துக்கொள்வார்.

முதலில் இந்த “அரெஸ்ட் பண்ணல்ல” கதை. இதை நான் கேட்டது எத்தனை தரம் என்று கணக்கே இல்லை. கைது என்றால் கையில் விலங்கு மாட்டுவது, ஜீப்பில் ஏற்றுவது என்றுதான் எங்கள் சனம் நினைக்கிறது, பொலிஸும் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிடும். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 23 ஆம் பிரிவைப் பார்த்தால், ஒரு ஆள் சொல்லாலோ செயலாலோ தன்னைக் காவலுக்கு ஒப்புக்கொடுத்துவிட்டால் அவரைத் தொடக்கூடத் தேவையில்லை, அது கைதுதான். 1988 இல் உயர் நீதிமன்றம் பியசிறி எதிர் பெர்னாண்டோ வழக்கில் இதை இன்னும் தெளிவாக்கியது. சில சுங்க அதிகாரிகளைக் கைது என்ற சொல்லைச் சொல்லாமலே இலஞ்ச விசாரணை அதிகாரிகள் கூட்டிக்கொண்டு போனார்கள். விருப்பப்படி எழும்பிப் போக முடியாத நிலை வந்துவிட்டால் அது கைது, என்ன பெயர் வைத்தாலும் சரி என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஆகவே தம்பியிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “நான் போகலாமா என்று கேட்டாயா? என்ன சொன்னார்கள்?” “இரு” என்று சொன்ன அந்த நேரத்திலிருந்து மணிக்கூடு ஓடத் தொடங்கிவிட்டது.

கைது என்று ஆனதும் இரண்டு கடமை பொலிஸின் தலையில் ஏறுகிறது. ஒன்று, காரணம் சொல்ல வேண்டும். இது அரசியலமைப்பின் 13(1) ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமை. “மேலிடத்து ஓடர்”, “வா, வந்தா தெரியும்” என்பதெல்லாம் காரணம் ஆகாது. இன்ன இடத்தில், இன்ன விடயம் சம்பந்தமாக, உன்மேல் இந்தச் சந்தேகம் என்று ஆளுக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். மற்றது, முதல் சொன்ன குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 37 ஆம் பிரிவு: பிடியாணை இல்லாமல் பிடித்த ஆளை நீதவான் முன் கொண்டுபோகாமல் 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது, பிடித்த இடத்திலிருந்து நீதவானிடம் போகும் பயண நேரம் மட்டும்தான் இதில் சேராது. அதற்கு முந்திய 36 ஆம் பிரிவு தேவையற்ற தாமதமில்லாமல் கொண்டுபோ என்கிறது, அதாவது 24 மணித்தியாலம் என்பது கடைசி எல்லை, பொலிஸுக்குக் கொடுத்த லீவு இல்லை. உங்கள் தம்பி இருந்தது முப்பத்தொன்றரை மணித்தியாலம். டவுனுக்குள்ளே நடந்த விடயத்தில் பயண நேரம் என்று எதைக் காட்டப் போகிறார்கள்?

“வெள்ளிக்கிழமை பிடிச்சா திங்கள்தான் கோட்ஸ்” என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பொய். சனி, ஞாயிறு, போயா எந்த நாளும் பதில் நீதவான் இருப்பார், அவருடைய வீட்டிலேயே முன்னிலைப்படுத்துவார்கள். என் சேர் ஒரு தைப்பொங்கல் அன்று பொங்கல் பானை இறக்க முதலே வேட்டியோடு அப்படி ஒரு வீட்டுக்குப் போனது எனக்கு நினைவிருக்கிறது.

இதில் உள்ள சிக்கல், கைது நேரத்தைப் புத்தகத்தில் எழுதுவது பொலிஸ். காலை ஒன்பதரைக்குப் போனவரை இரவு ஏழு மணிக்குக் கைது செய்ததாக எழுதினால், அடுத்த நாள் பின்னேரம் வரைக்கும் 24 மணித்தியாலம் தாண்டாது. ஆகவே உங்கள் பக்கத்தில் ஒரு நேரக் கணக்கு இருக்க வேண்டும், அதுவும் பொலிஸின் கையில் இல்லாத இடத்தில். இதற்கு நான் எல்லாருக்கும் சொல்வது, ஸ்டேஷன் வாசலில் இறங்கினதும் வீட்டுக்கு ஒரு வட்ஸ்அப் வொய்ஸ் போடுங்கள்: “நான் இப்ப உள்ளே போறேன், இன்ன சார்ஜன்ட் கூப்பிட்டவர்.” கூட ஒரு ஆள் போனால் இன்னும் நல்லது. ஒரு மணித்தியாலமாகியும் வெளியே வரவில்லை என்றால் வீட்டார் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு எடுத்து இந்தப் பெயருடைய ஆள் இந்த ஸ்டேஷனில் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். அவர்கள் ஓடி வருவார்கள் என்று நான் சொல்லவில்லை. சில நேரம் அவர்கள் ஸ்டேஷனுக்கு ஒரு போன் எடுத்தாலே உள்ளே குரல் மாறும். அதுவும் நடக்காவிட்டாலும் நீங்கள் எடுத்த அழைப்பின் நேரம் ஒரு பதிவாக இருக்கும், பிறகு கைது இரவு ஏழு மணிக்கு என்று எழுதினால் அது இடிக்கும்.

அந்தப் போன் அழைப்புக்குத் தம்பி போகாமலே இருந்திருக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விசாரணை நடத்துகிற அதிகாரி ஒரு ஆளை வரச் சொல்வதற்கு சட்டம் காட்டுகிற வழி எழுத்து மூலமான அழைப்பு. ஆனால் நான் “போகாதே” என்று ஒருநாளும் யாருக்கும் சொன்னதில்லை. போகாவிட்டால் தலைமறைவு என்று எழுதுவார்கள், பிறகு வீட்டுக்கு வருவார்கள், அக்கம்பக்கம் பார்க்கும். போங்கள், ஆனால் போனிலேயே மெதுவாகக் கேளுங்கள்: “சரி சேர், வாறேன். எந்த முறைப்பாடு சம்பந்தமா? உங்கட பெயர் என்ன? எத்தனை மணிக்கு வரணும்?” இந்த மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டு போகிற ஆளை உள்ளே நடத்துகிற விதம் வேறாக இருக்கும். சட்டப் பிரிவு இலக்கங்களை அங்கே எடுத்து வீசாதீர்கள். “சட்டம் பேசுறியா?” என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அதற்குப் பிறகு நடப்பது எதுவும் சட்டமாக இருக்காது. கேள்வியாகக் கேட்டால் யாருக்கும் கோபம் வராது, நாங்களும் மரியாதை குறையாமல் எங்கள் வேலையைப் பார்த்துவிடலாம்.

இனி மொழி. திருகோணமலையில் இருக்கிற எங்களுக்கு எல்லாவற்றையும் விட இதுதான் பெரிய இடறல். அரசியலமைப்பின்படி சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகள், வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம் நடக்க வேண்டும், எந்த அரச அதிகாரியுடனும் தமிழில் பேசவும் எழுதவும் பதில் பெறவும் 22 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. இது புத்தகத்தில். ஸ்டேஷனில் “தமிழ் தெரிஞ்சவர் லீவு, நாளைக்கு வாங்க” என்பார்கள், அல்லது கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒருவர் நாங்கள் சொல்வதைத் தன் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதுவார்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். வேலிச் சண்டை. அயல்வீட்டுக்காரர் “அவன் கத்திக்கொண்டு வந்தான் சேர்” என்று முறைப்பாடு சொன்னார். கூச்சல் போட்டுக்கொண்டு வந்தான் என்பதுதான் அவர் சொன்னது. எழுதிய அதிகாரிக்கு “கத்தி” மட்டும்தான் பிடிபட்டது, “பிஹியக்” என்று எழுதிவிட்டார், அதாவது கத்தியோடு வந்தான். சொன்னவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, கையெழுத்து வைத்துவிட்டு வந்துவிட்டார். வாயால் சண்டை பிடித்த மனிசன் ஆயுதத்தோடு வந்தவராகி உள்ளே போனார். முறைப்பாட்டுக்காரரே கோட்ஸில் எழும்பி, “ஐயோ, அவரிட்ட கத்தி இருக்கேல்ல, அவர் கத்தினவர்” என்று சொல்லி அதை மொழிபெயர்த்து விளங்கப்படுத்துவதற்குள் அன்றைக்கு எல்லாருக்கும் வியர்த்துவிட்டது. சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த மனிசன் அதற்காக விளக்கமறியலில் படுத்த இரவுகள் அவருக்குச் சிரிப்பில்லை.

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் வாக்குமூலத்தைப் பற்றிய 110 ஆம் பிரிவு இதற்காகத்தான் இருக்கிறது. நீங்கள் சொல்வதை முழுமையாக எழுத வேண்டும், எழுதியதைக் காட்ட வேண்டும் அல்லது வாசித்துக் காட்ட வேண்டும், எழுதிய மொழி உங்களுக்கு விளங்காவிட்டால் விளங்குகிற மொழியில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும், திருத்தவும் கூட்டிச் சொல்லவும் உங்களுக்கு இடம் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: விசாரணையில் கேட்பதற்கு உண்மையாகப் பதில் சொல்லத்தான் வேண்டும், ஆனால் உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. “அதைப் பற்றி என்ட லோயரோட கதைச்சிட்டுச் சொல்றேன் சேர்” என்று சொன்னால் போதும், வாயை இறுக்கி மூடிக்கொண்டு முறைத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

கையெழுத்துக்கு வருகிறேன். இரவு பதினொரு மணிக்கு, பசியோடு, “இதில ஒரு சைன் வச்சா வீட்ட போகலாம்” என்று தாளை நீட்டும்போது மறுக்கச் சொல்வது இங்கே கதிரையில் இருந்து எழுதுகிற எனக்கு லேசு. அங்கே இருக்கிறவனுக்கு லேசு இல்லை. அதனால் நான் சொல்லிக்கொடுப்பது இடைவழி. கையெழுத்து வைப்பதென்றால், அதற்கு மேலே உங்கள் கையால் தமிழில் ஒரு வரி எழுதுங்கள்: “எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, இது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்படவில்லை.” திகதி, நேரம். பிறகு கையெழுத்து. தமிழ் தெரியாத அதிகாரி அது உங்கள் பெயரின் ஒரு பகுதி என்றுகூட நினைக்கலாம், எனக்குத் தெரிந்து அப்படியும் நடந்திருக்கிறது. எழுத விடாவிட்டால் “மட்ட சிங்கள கியவன்ன பே” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள், எனக்குச் சிங்களம் வாசிக்க முடியாது என்று அர்த்தம், அங்கே நிற்கிற இன்னும் இரண்டு பேர் காதிலாவது விழும். வரிகளுக்கு நடுவில் வெற்றிடம் விட்டிருந்தால் கோடு இழுத்து மூடுங்கள். வெறுந்தாளில் கையெழுத்து மட்டும் வேண்டாம், என்ன ஆனாலும் வேண்டாம்.

தம்பி வைத்த கையெழுத்தை நினைத்து இப்போது அழுதுகொண்டிருக்க வேண்டாம். அந்த மூன்று பக்கத்தில் “நான்தான் எடுத்தேன்” என்றே எழுதியிருந்தாலும், சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலை அந்த ஆளுக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. ஆனால் அது ஒன்றுக்கும் உதவாத தாள் என்றும் நினைக்க வேண்டாம். பிறகு கோட்ஸில் வேறு மாதிரிச் சொன்னால் “அன்றைக்கு இப்படிச் சொன்னாயே” என்று முரண்பாடு காட்ட அதை எடுப்பார்கள். ஆகவே தம்பி என்ன சொன்னார், அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை இன்றைக்கே ஞாபகத்திலிருந்து தமிழில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இந்த 25 ஆம் பிரிவுப் பாதுகாப்பு பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இல்லை. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம், நாங்கள் பீடிஏ என்று சொல்வது. அதன் 16 ஆம் பிரிவின் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகும் என்று வைத்து, அந்த ஒரு தாளிலேயே எத்தனை பிள்ளைகளின் இளமை போனது என்று எங்கள் பக்கத்தில் கேட்டால் வீட்டுக்கு வீடு சொல்வார்கள். 24 மணித்தியாலக் கணக்கும் அதில் செல்லாது. தடுப்புக்காவல் உத்தரவில் 18 மாதம் வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2022 திருத்தத்தில் 12 மாதமாகக் குறைத்தார்கள். அந்தச் சட்டத்தில் ஆளைக் கொண்டுபோனால் குடும்பம் பிடிக்க வேண்டிய கயிறு, மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு: கைது செய்து 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும், எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே ஆள் போன இரவே ஆணைக்குழுவைக் கேளுங்கள், அறிவித்தார்களா என்று. உங்கள் தம்பியின் விடயம் சாதாரணத் திருட்டுச் சந்தேகம், இதற்குள் வராது. இருந்தாலும் திருகோணமலையில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

லோயர் பற்றி. சட்டத்தரணி ஸ்டேஷனுக்கு வந்து உங்களுக்காகப் பேசலாம் என்று 2012 இல் பொலிஸ் மாஅதிபர் விதிகளே வெளியிட்டு வர்த்தமானியில் வந்திருக்கிறது. அவர்களை மரியாதையாக நடத்த வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. விசாரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உரிமை அதில் இல்லை, அது குறைதான். ஆனால் கவனித்திருக்கிறேன், கறுப்புக் கோட் ஒன்று வாசலில் வந்து பெயரைச் சொல்லி, இன்னார் இங்கே இருக்கிறாரா, எந்த நேரத்திலிருந்து, எந்தப் பிரிவின் கீழ் என்று கேட்டுவிட்டு வாங்கில் உட்கார்ந்தால், பிணையில் விடக்கூடிய குற்றமாக இருந்தால் ஓ.ஐ.சி. (நிலையப் பொறுப்பதிகாரி) பொலிஸ் பிணையிலேயே அனுப்பிவிடுவார். காசு இல்லை என்பவர்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் திருகோணமலையிலும் இருக்கிறது, வருமானத்தைப் பார்த்து இலவசமாகச் செய்வார்கள். அப்புறம், வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, பெயரைப் பார்த்துவிட்டு இது எங்களுக்கு இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். இரகசியமாக யாரையும் தடுத்து வைக்கக் கூடாது, தடுத்து வைத்த ஆளுக்கு உறவினரோடும் சட்டத்தரணியோடும் தொடர்புகொள்ள உரிமை உண்டு என்று சொல்வது அந்தச் சட்டம்தான். “யாரையும் பார்க்க விட மாட்டோம்” என்றால் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தம்பியை அடித்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததால் கேட்கிறேன். வீட்டுப் பெண்களிடம் பொடியன்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், மாமாவையோ சித்தப்பாவையோ விட்டு தனியாகக் கேளுங்கள். 11 ஆம் உறுப்புரை சித்திரவதையை எந்த விலக்கும் இல்லாமல் தடுக்கிறது. 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தின்படி சித்திரவதை செய்த அதிகாரிக்குக் குறைந்தது 7 வருடம், கூடியது 10 வருடம் சிறை. ஆனால் அடிபட்ட உடம்பு ஒரு கிழமையில் ஆறிவிடும், அதோடு சாட்சியும் ஆறிவிடும். அடி இருந்தால் அன்றைக்கே பொது வைத்தியசாலைக்குப் போய், என்ன நடந்தது என்று டொக்டரிடம் உண்மையைச் சொல்லி (“விழுந்துட்டேன்” என்று சொல்லக் கூடாது, நிறையப் பேர் அங்கேதான் கேஸைக் கெடுப்பது), சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேட்க வேண்டும். நீதவான் முன் கொண்டுபோனால் முதல் வாய்ப்பிலேயே “ஐயா, எனக்கு அடிச்சவங்க” என்று சொல்லிவிட வேண்டும்.

பெண்களைப் பற்றி ஒரே வார்த்தை: உடற்சோதனை என்றால் பெண் அதிகாரிதான் செய்யலாம், அதுவும் மானத்துக்குக் குறைவில்லாமல், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு. பெண் அதிகாரி இல்லை என்றால் வரும்வரை காத்திருக்க வேண்டியது அவர்கள்.

ரோட்டில் மறிப்பது பற்றி உங்கள் கேள்விக்குக் கீழே இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அடையாள அட்டை கேட்டால் காட்டுங்கள், அதில் வாதாட ஒன்றுமில்லை, ஆட்பதிவுச் சட்டம் 1968 இலிருந்தே இருக்கிறது. சிவிலில் வந்து கேட்டால் மட்டும் அவருடைய அடையாள அட்டையை நீங்களும் மரியாதையாகக் கேட்கலாம். மோட்டார் சைக்கிளில் பிழை என்றால் லைசன்ஸை எடுத்துக்கொண்டு தண்டச் சீட்டு எழுதித் தருவார்கள், அந்தச் சீட்டே 14 நாளைக்கு தற்காலிக அனுமதிப்பத்திரம், அதற்குள் கட்ட வேண்டும். தவறினால் 28 நாள் வரை இரட்டிப்பு, அதற்கும் பிறகு கோட்ஸ். கையில் காசு கேட்டால், அது தண்டம் இல்லை. சீட்டை எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள், இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954. கொடுக்கிறவனும் குற்றவாளி என்பதை மறந்துவிட்டு “எல்லாரும் கொடுக்கிறதுதானே” என்பவர்களோடு எனக்குக் கதை இல்லை. கடலில் கடற்படை மறித்தாலும் அடிப்படை இதுதான். பிடித்த நேரத்தை மனதில் குறியுங்கள், படகு, வலை, எஞ்சின் என்று எடுத்தது எல்லாவற்றையும் கரையில் ஒப்படைக்கும் இடத்தில் ஒன்றுவிடாமல் எழுதச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, “இது திருகோணமலை, இங்க சட்டமா?” என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 2006 ஜனவரி 2 ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டதும், பதின்மூன்று வருடம் கழித்து 2019 ஜூலையில் சாட்சியம் போதாது என்று குற்றஞ்சாட்டப்பட்ட பொலிஸ்காரர் எல்லாரையும் விடுவித்ததும் இந்த ஊரில்தான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் சின்ன விடயங்களில், திருட்டுச் சந்தேகம், வேலிச் சண்டை, ரோட்டுத் தகராறு, இவற்றில் எழுத்தில் கேட்ட ஆட்களுக்கும் கேட்காத ஆட்களுக்கும் நடந்ததில் வித்தியாசம் இருந்ததை 19 வருடம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் 126 ஆம் உறுப்புரையின்படி ஒரே ஒரு மாதம்தான், தம்பியை வைத்திருந்த அந்தச் செவ்வாய், புதனிலிருந்து எண்ணுங்கள். கொழும்புக்குப் போய் வழக்குப் போடுவது எல்லாருக்கும் ஏலாத காரியம், அதனால்தான் 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம் 13 ஆம் பிரிவில் ஒரு வழி வைத்திருக்கிறது: அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கிற காலம் கணக்கில் சேராது. அதன் பிராந்திய அலுவலகம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது, தமிழில் எழுதிக் கொடுக்கலாம், காசில்லை. ஆனால் கொடுத்துவிட்டு வந்து படுத்துவிட வேண்டாம். முறைப்பாடு கொடுத்தது மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதற்குக் கடிதம் இருக்கிறதா என்று பிறகு உயர் நீதிமன்றத்தில் கேட்பார்கள். ஆகவே இலக்கம் போட்ட கடிதம் ஒவ்வொன்றையும் ஒரு பைலில் போட்டு வையுங்கள். பொலிஸின் நடத்தை பற்றித் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம், இலக்கம் 1960. இரண்டுக்கும் ஒரே கடிதத்தின் பிரதி போதும்.

கடிதத்தில் கோபம் வேண்டாம், நேரம் வேண்டும். காலை 9.10 க்குப் போன் வந்தது, 9.30 க்கு உள்ளே போனார், மத்தியானம் சாப்பாடு கொடுத்தார்களா இல்லையா, எத்தனை மணிக்குப் போனை வாங்கினார்கள், “போகலாமா” என்று கேட்டபோது யார் என்ன சொன்னார், நீங்கள் வாசலுக்கு வந்தது எத்தனை மணி, அங்கே யாரோடு பேசினீர்கள், வெளியே விட்டது எத்தனை மணி. பெயர் தெரியாவிட்டால் சீருடையில் இருக்கிற இலக்கம், அதுவும் தெரியாவிட்டால் ஆள் எப்படி இருந்தார் என்று எழுதுங்கள். கடைக்கு எதிரே ஏதாவது கடையில் கேமரா இருந்தால் தம்பி செவ்வாய் காலை கிளம்பினதையும் புதன் பின்னேரம் வந்ததையும் அழிவதற்கு முன் வாங்கி வையுங்கள், பல கேமராக்களில் பழையதன்மேல் புதியது பதிந்துவிடும். இதை நாளைக்கே செய்யுங்கள்.

போன் விடயம் வேறாகக் கேளுங்கள். பொலிஸ் ஒரு பொருளைக் கைப்பற்றினால் அதை நீதவானுக்கு அறிவிக்க வேண்டும் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 431 ஆம் பிரிவு சொல்கிறது. ஓ.ஐ.சி.க்கு முகவரியிட்டு ஒரு பக்கக் கடிதம்: இன்ன திகதி, இன்ன நேரம், இன்ன மாடல், ஐஎம்இஐ இலக்கம் இது (வாங்கின பெட்டியில் இருக்கும்), இது வழக்குப் பொருளா, ஆம் என்றால் எந்த இலக்கத்தில் நீதிமன்றத்துக்கு அறிக்கையிட்டீர்கள், இல்லை என்றால் திருப்பித் தாருங்கள். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய் ஒன்றில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள், வைக்க மாட்டேன் என்றால் பதிவுத் தபாலில் போட்டு ரசீதை வையுங்கள். தனியாகப் போக வேண்டாம். கிடைத்ததும் முதல் வேலையாக அந்தச் செவ்வாய்க்கிழமை அழைப்புப் பட்டியலைத் திறந்து, 9.10 க்கு வந்த அந்த அழைப்பு இன்னும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.